பெருநாள் வாழ்த்தில் பொய் கலக்கலாமா?

பெருநாள் வருவதற்கு முன்னரே வாழ்த்து வந்து விடுகிறது. இருபத்தெட்டாம் நோன்பிலேயே செல்போன்களில் பிறைகளும் மினாராக்களும் தோன்றத் தொடங்கி விடுகின்றன. ஒரு காலத்தில் சிவகாசியில் அச்சான வாழ்த்து அட்டையைக் கடையில் வாங்கி, உள்ளே இரண்டு வரி கைப்பட எழுதி, உறையை ஒட்டாமல் புக் போஸ்டில் சேர்த்து விட்டுக் காத்திருந்தோம். இன்று நம் வீட்டுப் பிள்ளையே கணினி முன் அமர்ந்து, ஃபோட்டோஷாப் போன்ற மென்பொருளில் அரை மணி நேரத்தில் ஓர் அட்டையைச் செய்து, கள்ளக்குறிச்சியிலிருந்து குவைத் வரை நொடியில் அனுப்பி விடுகிறான்.

இதில் தவறு என்ன இருக்கிறது? தவறு ஒன்றுமில்லை என்றே முதலில் சொல்லி விடுகிறோம். புதிய கருவி எது வந்தாலும் அதைச் சந்தேகத்தோடு பார்ப்பது மார்க்கப் பேணுதல் ஆகி விடாது. ஆனால் அந்தக் கருவியைக் கொண்டு நாம் எதைச் சொல்கிறோம், எதை மறைக்கிறோம் என்பதைச் சிந்திக்க நாம் கடமைப்பட்டிருக்கிறோம்.

முதலில் பெருநாள் வாழ்த்து என்பது என்ன? ஸஹாபாப் பெருமக்கள் பெருநாளன்று ஒருவரையொருவர் சந்தித்தால் ‘தகப்பலல்லாஹு மின்னா வமின்கும்’ என்று கூறிக்கொள்வார்கள் என ஜுபைர் இப்னு நுஃபைர் (ரஹ்) அவர்கள் அறிவிக்கிறார்கள். எங்களிடமிருந்தும் உங்களிடமிருந்தும் அல்லாஹ் ஏற்றுக்கொள்வானாக என்பது அதன் பொருள். ஆகவே வாழ்த்து என்பது வெறும் அலங்காரம் அன்று. அது ஒரு துஆ. நமக்கு வாழ்த்துக் கூறப்பட்டால் அதைவிட அழகியதைக் கொண்டோ, குறைந்தபட்சம் அதைக் கொண்டேனும் பதிலளிக்குமாறு திருமறை (4:86) நம்மைப் பணிக்கிறது. அனுப்புபவர் ஒருவர், பெறுபவர் ஒருவர், கேட்பவன் அல்லாஹ். இந்த மூவருக்கும் நடுவே ஒரு பொய் வந்து உட்காரலாமா என்பதே நம் கேள்வி.

மென்பொருளின் வேலை என்ன என்பதையும் சற்றுப் பார்த்து விடுவோம். ஃபோட்டோஷாப் 1990ஆம் ஆண்டு வெளிவந்தது. 1994இல் வந்த அதன் மூன்றாம் பதிப்பில் ‘அடுக்கு’ முறை சேர்க்கப்பட்டது. கண்ணாடித் தாள்களை ஒன்றன்மேல் ஒன்றாக வைப்பது போல, அடியில் ஒரு மலை, அதன்மேல் ஒரு பள்ளிவாசல், அதன்மேல் ஒரு மனிதர், எல்லாவற்றுக்கும் மேலே எழுத்து என்று வைக்கலாம். ஒரு தாளை நீக்கினால் மற்றவை கலையா. ஒட்டுவது, அழிப்பது, பெருக்குவது ஆகிய மூன்று வேலைகளும் இதனால் எவருக்கும் எளிதாகி விட்டன.

இம்மூன்றுக்கும் முன்னால் எழுத்தைப் பற்றி ஒரு வார்த்தை. அரபு எழுத்துகள் வலமிருந்து இடமாக, ஒன்றோடொன்று கோத்து எழுதப்படுபவை. மென்பொருளில் அதற்குரிய அமைப்பைத் தேர்ந்தெடுக்காமல் விட்டால், எழுத்துகள் துண்டு துண்டாகப் பிரிந்து, இடமிருந்து வலமாகத் தலைகீழ் வரிசையில் விழுகின்றன. தமிழிலும் கொம்பும் காலும் இடம் மாறி நிற்பதைப் பார்க்கிறோம். ‘ஈத் முபாரக்’ என்று நினைத்து அனுப்பியது எந்தச் சொல்லுமாக இல்லாமல் போகிறது. அல்லாஹ்வின் திருநாமத்துக்கும் இதே கதி நேருமானால் அது எவ்வளவு பெரிய கவனக்குறைவு! அமெரிக்கத் தபால் துறை 2001 செப்டம்பர் 1 அன்று வெளியிட்ட பெருநாள் அஞ்சல் தலையில் உருவம் எதுவுமில்லை. முஹம்மது ஸகரிய்யா என்ற எழுத்துக் கலைஞர் எழுதிய வாழ்த்து மட்டும் நீல நிறத்தின்மேல் பொன்னிறத்தில் இருந்தது. எழுத்தைச் சரியாக எழுதினாலே அது போதிய அழகு. அனுப்புமுன் ஓதத் தெரிந்த ஒருவரிடம் காட்டுவது சிரமமான காரியமா?

இனி ஒட்டுவதற்கு வருவோம்.

கள்ளக்குறிச்சியில் நமக்குத் தெரிந்த ஒரு குடும்பம். வீட்டுத் தலைவர் வளைகுடா நாட்டில் வேலை செய்கிறார். நான்கு பெருநாள்களாக ஊருக்கு வர வாய்க்கவில்லை. கல்லூரியில் படிக்கும் மூத்த மகன் பெருநாள் அட்டை ஒன்று செய்தான். பழைய படம் ஒன்றிலிருந்து அத்தாவை வெட்டி எடுத்து, புதுச் சட்டை அணிவித்து, அம்மாவுக்கும் தங்கைகளுக்கும் பின்னால் நிற்க வைத்து விட்டான். வேலைப்பாடு அவ்வளவு நேர்த்தி! அட்டையைப் பார்த்த சொந்தபந்தமெல்லாம், “மாஷா அல்லாஹ், அவங்க வந்துட்டாங்களா? எப்ப வந்தாங்க?” என்று அழைத்துக் கேட்கத் தொடங்கியது. அம்மா ஒவ்வொருவருக்கும், “இல்லீங்க, வரலீங்க” என்று பதில் சொல்ல வேண்டியதாயிற்று. இரவு அவர் மகனிடம் சொன்னது இவ்வளவுதான்: “அத்தா வரலேங்கறதை என் வாயாலேயே ஊருக்கெல்லாம் சொல்ல வெச்சுட்டியேப்பா.”

பிள்ளை பொய் சொல்ல நினைக்கவில்லை. ஏக்கத்தில் செய்தான். செயல்கள் எண்ணங்களைக் கொண்டே அமைகின்றன என்ற நபிமொழியை நாம் அறிவோம். ஆகவே அவனை நாம் குற்றவாளி ஆக்க மாட்டோம். எனினும் நல்ல எண்ணத்தோடு செய்த படமும் பார்ப்பவரிடம் பொய்யையே சொல்லி விட்டது. அதைத் திருத்தும் வேலை அந்தத் தாயின் தலையில் விழுந்தது.

இதைவிடக் கடுமையானது ஒன்று உண்டு. ஹஜ்ஜுப் பெருநாள் வாழ்த்தில், போகாத ஒருவர் இஹ்ராம் உடையில் கஃபாவின் முன் நிற்பது போல ஒட்டிக்கொள்வது. தமக்குக் கொடுக்கப்படாததைக் கொடுக்கப்பட்டதாகக் காட்டிக் கொள்பவரை, பொய்யின் ஆடைகள் இரண்டை உடுத்தியவருக்கு நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் ஒப்பிட்டுள்ளார்கள். புகாரியிலும் முஸ்லிமிலும் இடம் பெற்ற ஹதீஸ் இது. இஹ்ராமின் இரண்டு துணிகளையே அந்த இரண்டு ஆடைகளாக ஆக்கிக் கொள்வதை நினைத்தால் நெஞ்சம் நடுங்குகிறது. ஆசை உண்டானால் ‘எங்களுக்கும் ஹஜ் நஸீபாக துஆ செய்யுங்கள்’ என்று எழுதி அனுப்பலாமே!

உருவப்படம் குறித்து உலமாக்களிடையே கருத்து வேறுபாடு உண்டு. அதை இங்கே தீர்க்க நாம் முனையவில்லை. உருவம் வேண்டாமெனப் பேணுவோருக்கு மரமும் மலையும் இருக்கின்றன. படம் வரைந்து பிழைத்த ஒருவருக்கு இப்னு அப்பாஸ் (ரழி) அவர்கள் காட்டிய வழியும், மரம் போன்ற உயிரற்றவற்றை வரைந்து கொள் என்பதே.

நம் பகுதியில் மலைக்குக் குறைவில்லை. மேற்கே கல்வராயன் மலை நிற்கிறது. மேகம் அருவி, பெரியார் அருவி, அடிவாரத்தில் கோமுகி அணை என்று வாழ்த்து அட்டைக்கு ஏற்ற காட்சிகள் ஏராளம். வெள்ளிமலைப் பாதையில் எடுத்த படத்தை ஓர் இளைஞர் அட்டையாக்கினார். அசல் படத்தில் தலையில் விறகுக் கட்டுடன் ஒரு மலைவாழ் பெண்மணி நடந்து வருகிறார். அட்டையில் அவர் இல்லை. மூடுபனியும் பிறையும் மட்டுமே இருந்தன.

அழித்தது தவறா? அந்நியப் பெண்ணின் படத்தை அவருடைய சம்மதமின்றி ஊருக்கெல்லாம் அனுப்புவதைவிட நீக்கி விட்டது நல்லதுதானே என்று கேட்கலாம். மிகவும் சரியான கேள்வி. அவருடைய கண்ணியத்தை எண்ணி நீக்கியிருந்தால் அதற்கு நன்மை உண்டு. காட்சிக்கு அவர் இடைஞ்சல் என்று நீக்கியிருந்தால்? கை செய்த வேலை ஒன்றுதான். உள்ளம் செய்த வேலை இரண்டு. அந்த இளைஞர் தம் உள்ளத்தைத் தாமே கேட்டுக் கொள்ளட்டும். நாமும் கேட்டுக் கொள்வோம்.

ஏனெனில் அழிக்கும் பழக்கம் திரையோடு நின்று விடுவதில்லை. கல்வராயன் மலையின் அழகைப் படமெடுக்கப் போகிறவர்கள் பலர். அங்கு வாழும் மக்களின் சாலை, மருத்துவம் முதலிய குறைகளைச் சென்னை உயர் நீதிமன்றம் 2024இல் தாமாகவே வழக்காக எடுத்து விசாரிக்க வேண்டியிருந்தது. அந்த ஆண்டின் ஹஜ்ஜுப் பெருநாளை நாம் மறக்க முடியாது. ஜூன் 17 அன்று பெருநாள். தஷ்ரீக்குடைய நாள்கள் முடியுமுன்பே, கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் விஷச் சாராயம் குடித்தவர்கள் வரிசையாக மடிந்தார்கள். மாண்டவர் அறுபதுக்கும் மேல். ஒரே தெருவில் பல வீடுகளில் ஒப்பாரி. அந்நேரத்திலும் செல்போன்களில் ‘எங்கும் மகிழ்ச்சி பொங்கட்டும்’ என்ற அட்டைகள் வந்தவண்ணம் இருந்தன. குடி ஹராம் என்பதில் நமக்கு ஐயமில்லை. ஆனால் விதவையின் கண்ணீரும் அநாதையின் பசியும் ஹராம் அல்லவே! அண்டை வீட்டாரின் துயரத்தை அட்டையின் சட்டத்துக்கு வெளியே வெட்டி எறிந்து விட்டு, உள்ளே பிறையை மட்டும் வைப்பது எந்தப் பெருநாளின் மகிழ்ச்சி?

அப்துல்லாஹ் இப்னு அம்ரு (ரழி) அவர்களின் வீட்டில் ஆடு அறுக்கப்பட்டபோது, நம் யூத அண்டை வீட்டாருக்குக் கொடுத்தீர்களா என்று அவர்கள் மீண்டும் மீண்டும் கேட்டதாக ஹதீஸ் நூல்கள் கூறுகின்றன. தட்டில் இடமளித்தார்கள் அந்தப் பெருமக்கள். நாம் படத்தில் கூட இடமளிக்க யோசிக்கிறோம்.

மூன்றாவது, பெருக்குவது. ஒருவருக்குச் செய்த அட்டையை முந்நூறு பேருக்கு ஒரே தட்டில் அனுப்புகிறோம். பெற்றவரும் யாரென்று பாராமல் இன்னொருவர் செய்த அட்டையைத் திருப்பி விடுகிறார். திருமறை கேட்ட ‘அதைவிட அழகிய’ பதில் இதுதானா? முந்நூறு பேருக்கும் அனுப்புங்கள், தடையில்லை. ஆனால் நாம் மனஸ்தாபத்தில் இருக்கும் மச்சானுக்கு, மகனை இழந்த மாமிக்கு, கண் தெரியாத நன்னிக்கு ஆகிய மூன்று பேருக்காவது பெயர் சொல்லி அழைத்து ஸலாம் உரைப்போம். நன்னியால் படத்தைப் பார்க்க முடியாது. குரல் கேட்கும்.

அந்த மூத்த மகனின் கதையை முடிக்காமல் விட்டோம். மறுநாள் அவன் அட்டையை மாற்றிச் செய்தான். அம்மாவுக்குப் பின்னால் அத்தாவின் இடத்தை வெறுமையாகவே விட்டான். அத்தா தம் அறையில் நண்பர்களுடன் பெருநாள் உணவருந்தும் படத்தை ஓரத்தில் தனிச் சட்டமிட்டு வைத்தான். கீழே, ‘அத்தா அங்கே, நாங்கள் இங்கே; துஆ செய்யுங்கள்’ என்று எழுதினான். இம்முறை யாரும் ‘எப்ப வந்தாங்க’ என்று கேட்கவில்லை. ‘அல்லாஹ் சீக்கிரம் சேர்த்து வைப்பானாக’ என்றே பதில்கள் வந்தன. பொய்யான படத்துக்குக் கிடைத்தது பாராட்டு. உண்மையான படத்துக்குக் கிடைத்தது துஆ. பெருநாள் வாழ்த்து எதற்காக ஏற்பட்டதோ, அது அந்த வீட்டுக்கு வந்து சேர்ந்தது.

பெற்றோர்களே! பிள்ளைகள் கற்ற கலையைத் தடுக்காதீர்கள். பக்கத்தில் அமர்ந்து பாருங்கள். நிறத்தைக் கூட்டட்டும், பூவை வைக்கட்டும், தூசியைத் துடைக்கட்டும். இல்லாததை இருப்பதாக ஒட்டும்போதும், இருப்பவரை இல்லாதவராக அழிக்கும்போதும் மட்டும், “இது உண்மையா தம்பி?” என்று ஒரு கேள்வி கேளுங்கள். மலக்குகள் எழுதும் ஏட்டில் நம் கைக்கு எட்டும் அழிப்பான் இல்லை. தவ்பா ஒன்றே அங்கு உண்டு.

வல்ல நாயன் நம் அமல்களையும் வாழ்த்துகளையும் உண்மையானவையாக ஆக்கி, எங்களிடமிருந்தும் உங்களிடமிருந்தும் ஏற்றுக்கொள்வானாக! ஆமீன்.