எரிகிற விளக்கு யாருடைய வாக்கு?

1981 டிசம்பரில் இங்கிலாந்தில் வெளிவந்த பிபிசி மைக்ரோ என்ற வீட்டுக் கணினியின் விசைப்பலகையில் மூன்று சின்ன சிவப்பு விளக்குகள் உண்டு: கேசட் மோட்டார், கேப்ஸ் லாக், ஷிஃப்ட் லாக். 1984-85இல் இந்திய அரசு 'கிளாஸ்' திட்டத்தில் பள்ளிகளுக்குக் கணினி கொடுத்தபோது கொடுத்தது இந்த மெஷினைத்தான். நம்ம அப்பா அம்மாக்களில் சிலர் முதன்முதலாகத் தொட்ட கணினி இதுவாக இருக்கலாம்.

இதில் ஒரு வேடிக்கை. கேப்ஸ் லாக் விசைக்கும் அதன் விளக்குக்கும் நேரடி ஒயர் கிடையாது. விசை அழுத்தப்பட்டதை இயக்க மென்பொருள் பார்த்து, நினைவகத்தில் குறித்துக்கொண்டு, அப்புறம்தான் விளக்கை மாற்றும். அந்த வேலையை நீங்களும் செய்யலாம். எஃப்ஈ40 என்ற முகவரியில் 14 என்று எழுதினால் விளக்கு அணையும், 6 என்று எழுதினால் எரியும். லூப்பில் போட்டால் சீரியல் செட் மாதிரி மின்னும். ஆனால் விளக்கை அணைத்த பிறகும் திரையில் பெரிய எழுத்தே விழும். விளக்கு ஒன்று சொல்கிறது, மெஷின் வேறொன்று செய்கிறது.

கேசட் மோட்டார் விளக்கு அப்படி இல்லை. டேப் ரெக்கார்டரை ஓடவிடும் ரிலேவோடு சேர்ந்தேதான் அது எரியும்; கூடவே 'டக்'கென்று சத்தமும் கேட்கும். ரிலேவை விட்டுவிட்டு விளக்கை மட்டும் எரிக்க வழியில்லை. ஆனால் ரெக்கார்டர் சொருகியிருக்கிறதா என்பது அதற்கும் தெரியாது.

அப்படியானால் ஒரு விளக்கு எதற்குச் சாட்சி? நடந்ததற்கா, நடக்கச் சொன்னதற்கா?

இது வெறும் கணினிக் கேள்வி இல்லை. 1979 மார்ச் 28 அன்று அமெரிக்காவின் த்ரீ மைல் ஐலண்ட் அணுமின் நிலையத்தில் ஒரு வால்வு திறந்தபடியே சிக்கிக்கொண்டது. கட்டுப்பாட்டு அறையில் அதற்கான விளக்கு அணைந்துவிட்டது. 'மூடு' என்ற உத்தரவு போய்விட்டது என்பதுதான் அதற்கு அர்த்தம். வேலையில் இருந்தவர்கள் 'மூடிவிட்டது' என்று படித்தார்கள். இரண்டு மணி நேரத்துக்கு மேல் குளிர்விக்கும் நீர் வெளியேறி, உலையின் மையம் பாதி உருகியது. அங்கே யாரும் பொய் சொல்லவில்லை. உத்தரவை உண்மை மாதிரி காட்டினார்கள், அவ்வளவுதான்.

ராஜபாளையத்திலிருந்து தென்காசி போகிற சாலையில் இருக்கும் சேத்தூர் மாதிரி மலையடிவார ஊர்களில், மோட்டார் ரூம் சுவரில் சிவப்பு, மஞ்சள், நீலம் என்று மூன்று விளக்குகள் இருக்கும். "அண்ணாச்சி, த்ரீபேஸ் வந்துருச்சா?" என்று கேட்டால், "மூணும் எரியுது" என்று பதில் வரும். ஆனால் மோட்டார் ஓடும்போது ஒரு பேஸ் போனாலும், சில நேரம் சுருள் வழியாகத் திரும்பி வரும் மின்சாரத்தில் மூன்றாவது விளக்கு மங்கலாக எரியும். அதனால் விவரம் தெரிந்த விவசாயி விளக்கோடு நிற்பதில்லை. மோட்டாரின் உறுமலைக் கேட்பார், தொட்டியில் தண்ணி விழுதா என்று பார்ப்பார். நம்புகிறார், சரியும் பார்க்கிறார்.

நமக்கு அந்த வசதி குறைந்துகொண்டே வருகிறது. சில பழைய மேக்புக்குகளில் கேமராவின் உள் மென்பொருளை மாற்றி, விளக்கு எரியாமலே படம் எடுக்க முடியும் என்று 2013இல் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் காட்டினார்கள். கேமராவுக்கு உறுமல் கிடையாது. காது வைத்துக் கேட்க எதுவுமில்லை. விளக்கு மட்டும்தான் சாட்சி.

பிபிசி மைக்ரோவில் விளக்குகளை ஆடவிட்ட பையனும் இந்தக் கேமராவைத் திருத்துகிறவனும் செய்வது தொழில்நுட்பமாகக் கிட்டத்தட்ட ஒன்றுதான். முதலாவது ஏன் விளையாட்டு, இரண்டாவது ஏன் துரோகம்? பையன் தன் மெஷினில் தன் கண்ணுக்கே வேடிக்கை காட்டுகிறான். சந்தேகம் வந்தால் ஒரு எழுத்தைத் தட்டிப் பார்த்துக்கொள்ளலாம். கேமரா முன்னால் இருப்பவருக்கு அப்படித் தட்டிப் பார்க்க எதுவுமில்லை. சரிபார்க்க வழியில்லாத ஒருவர் பார்க்கிற விளக்கை எரியவிடுவது, அவருக்கு வாக்குக் கொடுப்பது மாதிரி.

அந்தப் பழைய மெஷினில் எஃப்எக்ஸ் 118 என்று ஒரு கட்டளை இருந்தது. ஆடிய விளக்குகளை, நினைவகத்தில் உண்மையில் என்ன நிலையோ அதற்குத் திரும்பக் கொண்டுவருவதுதான் அதன் வேலை. விளையாடலாம், தப்பில்லை. விளையாடி முடித்ததும் அதையும் தட்டிவிட்டு எழுந்திருக்கணும்.