வாசகனின் விசுவாசம்

நாவலைப் படித்தவன் அதன் சினிமாவைப் பார்த்துவிட்டு வெளியே வரும்போது சொல்கிற முதல் வார்த்தை பெரும்பாலும் ஒரு குற்றச்சாட்டு. 'கெடுத்துவிட்டான்' என்கிறான். எதைக் கெடுத்தான், யாருடையதைக் கெடுத்தான் என்று கேட்டால் தெளிவான பதில் வருவதில்லை. நாவலாசிரியன் சார்பில் பேசுவதாக அவன் நினைத்துக்கொள்கிறான். ஆசிரியனோ சம்மதித்து உரிமையைக் கொடுத்தவன். சில சமயம் வசனமும் அவனே எழுதியிருப்பான். புத்தகத்துக்கும் ஒன்றும் நேர்ந்துவிடவில்லை. ஓர் எழுத்தும் மாறாமல் அலமாரியில் இருக்கிறது. அப்படியானால் காயம் பட்டது யாருக்கு? இந்தக் கோபத்துக்குத் தார்மிக நியாயம் ஏதாவது உண்டா? ஐம்பது வருஷமாக இந்தக் கோபத்தை நானும் பட்டு வந்திருக்கிறேன். அந்தப் பாத்தியதையில் இதைக் கொஞ்சம் விசாரிக்கிறேன்.

நான் இருப்பது கூரத்தில். ஏழாம் நூற்றாண்டில் முதலாம் பரமேஸ்வரவர்மன் காலத்தில் இங்கே எழுந்த சிவன் கோயிலுக்கு விட்ட தானத்தைச் சொல்லும் செப்பேடு ஒன்று உண்டு. சரித்திரக்காரர்கள் அதில் பல்லவன் சாளுக்கியனோடு போட்ட சண்டையைத் தேடிப் படிப்பார்கள். எனக்கு அதில் முக்கியமாகப் படுவது வேறு. தானமாக விட்டதைப் பங்கு பிரிக்கிறபோது, கோயில் மண்டபத்துக்குத் தண்ணீரும் நெருப்பும் வைக்க ஒரு பங்கு, அதே மண்டபத்தில் பாரதம் வாசிக்க ஒரு பங்கு என்று எழுதி வைத்திருக்கிறார்கள். தண்ணீர், நெருப்பு, பாரதம் என்று வரிசையாக வருகிறது. அங்கே யார் யார் உட்கார்ந்து கேட்க முடிந்தது என்பது வேறு கேள்வி. அதற்குப் பதில் சந்தோஷமானதாக இருக்கும் என்று தோன்றவில்லை. ஆனால் கதை அப்போது ஒரு தனி மனிதனின் மடியில் இல்லை, மண்டபத்தில் இருந்தது என்பது நிச்சயம்.

அந்தப் பழக்கத்தின் இன்னொரு கிளை தொண்டை மண்டலத்துத் திரௌபதை அம்மன் கோயில்களில் இன்னும் இருக்கிறது. பகலில் பிரசங்கியார் வில்லிபாரதத்தை வாசித்துப் பொருள் சொல்வார். இரவில் கூத்து. ந. முத்துசாமி புரிசைக் கூத்தைப் பார்த்துவிட்டு எழுதத் தொடங்கிய பிறகுதான் நம் சிறுபத்திரிகைக்காரர்களில் பலருக்குக் கூத்து கண்ணில் பட்டது. கண்ணில் பட்ட பிறகும் அதை நாடகத்தின் பிரச்சினையாகத்தான் பேசினோம். வாசகனின் பிரச்சினையாகப் பார்க்கவில்லை. பகலில் கேட்ட கதையை இரவில் பார்க்கிறவன், 'பிரசங்கியார் சொன்னதில் இது இல்லையே' என்று எழுந்து போவதில்லை. கட்டியங்காரன் பஞ்சாயத்துத் தேர்தலைப் பற்றிப் பேசுகிறான். பாரதம் கெட்டுவிட்டது என்று யாரும் நினைப்பதில்லை. துகில் உரிகிற கட்டத்தில் துச்சாதன வேஷக்காரன் ஆட்டத்தை நிறுத்திக் கற்பூரம் ஏற்றி, தான் செய்யப்போவதற்கு அம்மனிடம் மன்னிப்புக் கேட்டுக்கொள்ளும் வழக்கம் உண்டு. அதற்கப்புறம்தான் சேலையில் கை வைப்பான்.

இதில் கவனிக்க வேண்டியது, மன்னிப்பை நடிகன் மட்டும் கேட்பதில்லை என்பது. பார்க்க வந்தவனும் சும்மா வந்தவனல்ல. காப்புக் கட்டி நோன்பிருந்தவர்கள் கூட்டத்தில் இருப்பார்கள். கடைசி நாள் படுகளம் முடிந்து அவர்களில் பலர் தீ மிதிக்க வேண்டும். கதை அவனை அழ வைப்பதோடு விடுவதில்லை, அவன் காலையும் கேட்கிறது. இப்படிப்பட்ட இடத்தில் 'மூலத்துக்கு விசுவாசமாக இருக்கிறதா' என்கிற கேள்வி கூத்தாடியை நோக்கி மட்டும் போக முடியாது.

அச்சு வந்தது. கதை மண்டபத்திலிருந்து இறங்கி, வாரப் பத்திரிகையாகத் தபாலில் வீட்டுக்கு வந்தது. வாசகன் தனியனானான். தனியாகப் படிக்கிறவன் சும்மா படிப்பதில்லை; படிக்கும்போதே ஒரு சினிமா எடுத்துவிடுகிறான். 'அவள் அழகி' என்று ஆசிரியன் எழுதினால், அந்த முகத்தைத் தன் அத்தை பெண்ணிடமிருந்தோ பக்கத்துத் தெருவிலிருந்தோ எடுத்துக்கொள்கிறான். 'பொன்னியின் செல்வன்' 1950 முதல் 1954 வரை கல்கியில் வந்தபோது மணியம் படம் போட்டார். முகங்களை அவர் கொடுத்துவிட்டார். ஆனாலும் 2022-ல் மணிரத்னத்தின் படம் வந்ததும் 'இவன் என் வந்தியத்தேவன் இல்லை' என்று எத்தனை பேர் சொன்னார்கள்! அந்த 'என்' என்பதைத்தான் நான் பிடித்துக்கொள்கிறேன். கல்கியுடையது இல்லை என்று யாரும் சொல்லவில்லை. 'மோகமுள்' 1995-ல் படமாக வந்தபோதும் இதே கதைதான். யமுனாவாக யாரைப் போட்டிருந்தாலும் ஜானகிராமனின் வாசகர்கள் ஒப்பியிருக்கமாட்டார்கள். ஒவ்வொருவனிடமும் ஒரு யமுனா ஏற்கெனவே இருந்தாள். வாசகன் கோபப்படுவது தன் படத்தின் மீது இன்னொருவன் படம் ஓட்டப்பட்டதற்காக.

இதுவரை சொன்னது மனோதத்துவம். இதில் குற்றமோ நியாயமோ ஒன்றும் இல்லை. தார்மிகக் கேள்வி இதற்கு அடுத்த படியில் இருக்கிறது. அதற்குத் தமிழில் ஜெயகாந்தனின் ஒரு கதையைவிடப் பொருத்தமான இடம் எனக்குத் தெரியவில்லை.

1966-ல் ஆனந்த விகடனில் 'அக்கினிப் பிரவேசம்' வந்தது. மழையில் பஸ்ஸுக்கு நிற்கும் கல்லூரிப் பெண், கார், அதற்குப் பிறகு வீடு. தாய் அவள் தலையில் தண்ணீரைக் கொட்டி, நீ சுத்தமாகிவிட்டாய் என்கிறாள். வாசகர்களிடமிருந்து பெரிய எதிர்ப்பு வந்தது. ஜெயகாந்தன் அதற்குப் பதிலாகக் கதையை மாற்றவில்லை, கேள்வியைத் திருப்பினார். அந்தத் தாய் அப்படிச் செய்யாமல், ஊர் கேட்க அலறியிருந்தால்? அதுதான் 'சில நேரங்களில் சில மனிதர்கள்'. தினமணி கதிரில் தொடராக வந்து 1970-ல் புத்தகமாயிற்று. 1972-ல் சாகித்ய அகாதமி பரிசு பெற்றது. நாவலுக்குள்ளேயே அந்தச் சிறுகதை வருகிறது, ஆர்.கே.வி. என்கிற எழுத்தாளன் எழுதியதாக. கங்கா அதைப் பத்திரிகையில் படிக்கிறாள். தனக்கு நேர்ந்த இரவு, தன் தாய் செய்யாததைச் செய்கிற வேறொரு தாய். தன் வாழ்க்கையின் தழுவலைத் தானே வாசகியாக இருந்து படிக்கும் பெண் அவள். மூலத்துக்கு விசுவாசமாக இல்லாத அந்தக் கதைதான் அவளுக்குத் தன் மூலம் என்னவென்று காட்டுகிறது. 1977-ல் பீம்சிங் இதைப் படமாக எடுத்தார். லட்சுமி கங்கா, நாகேஷ் ஆர்.கே.வி. லட்சுமிக்கு தேசிய விருது கிடைத்தது.

இனி என் சமாசாரம். 1966-ல் எஸ்.எஸ்.எல்.சி. படித்துக்கொண்டிருந்தேன். வீட்டில் இரண்டு தறி. அப்பா குழியில் உட்கார்ந்து நெய்ய, நான் பக்கத்தில் உட்கார்ந்து பத்திரிகை படித்துக் காட்டுவது வழக்கம். 'அக்கினிப் பிரவேசம்' படித்தபோது காருக்குள் நடப்பதை அப்பா முன்னால் படிக்கக் கூச்சப்பட்டு, அந்தப் பத்திகளைத் தாண்டி வந்து வேறு ஏதோ இட்டு நிரப்பினேன். நான் எழுதிய முதல் திரைக்கதை அதுதான் என்று இப்போது தோன்றுகிறது. தாய் தண்ணீர் ஊற்றும் இடம் வந்ததும் நாடா ஓடுவது நின்றது. 'அத இன்னொரு தரம் படி' என்றார். படித்தேன். எனக்குக் குரல் கம்மியது. அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டதைப் பார்த்தேன்.

எங்கள் தெருவில் நாலு வீடு தள்ளி ஆசிரியப் பயிற்சி படித்துக்கொண்டிருந்த ஓர் அக்கா இருந்தாள். நானும் அவளும் லைப்ரரிப் புத்தகங்களை மாற்றி மாற்றிப் படிப்போம். 1968-ல் ஒரு ராத்திரி அவள் கடைசி பஸ்ஸில் வரவில்லை, விடிந்து வந்தாள். தெரிந்த விஷயம் அவ்வளவுதான். மீதியைத் தெரு எழுதிக்கொண்டது. அவள் அம்மா ஊரைக் கூட்டவில்லை. ஊர் தானாகவே கூடியது. எங்கள் வீட்டில் அவளோடு பேச்சு நின்றது. அப்பா ஒன்றும் சொல்லவில்லை. சொல்லவில்லை என்பதுதான் அவர் சொன்னது. ஒரு நாள் சாயங்காலம் நான் புத்தகத்தோடு வந்துகொண்டிருந்தேன். அவள் வாசலில் நின்றிருந்தாள். 'தம்பி, புஸ்தகம் எதுனா இருக்கா?' என்று கையை நீட்டினாள். தெருவில் நாலைந்து பேர் பார்த்துக்கொண்டிருந்தார்கள். 'இல்லக்கா' என்றேன். புத்தகம் என் கையில் இருந்தது. அவளும் அதைப் பார்த்தாள். பிறகு அவளை எங்கோ உறவுக்காரர் வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள்.

நாவல் புத்தகமாக வந்தபோது ராப்பகலாகப் படித்தேன். கங்காவுக்கு அந்த அக்காவின் முகம் தானாக வந்து பொருந்திக்கொண்டது. படித்து அழுதேன். கங்காவைச் சீரழித்த சமூகத்தின் மீது எனக்கிருந்த ஆத்திரத்துக்கு அளவில்லை. அந்தச் சமூகத்தில் கையில் புத்தகத்தோடு ஒருவன் நின்றிருந்தது நினைவுக்கு வரவில்லை.

1977-ல் காஞ்சிபுரம் போய்ப் படம் பார்த்தேன். எரிச்சலோடு திரும்பினேன். டீக்கடையில் நண்பர்களிடம் பீம்சிங்கின் நாடகத்தனம், காமிராவின் பிரக்ஞையின்மை, நாவலின் உள்முகத் தன்மை வெளியே கொட்டப்பட்டது என்று நிறையப் பேசினேன். அவற்றில் சில சரியான விமர்சனங்கள்தான். ஆனால் என் கோபத்தின் காரணம் அவற்றில் எதுவும் அல்ல. பல வருஷம் கழித்து நாவலை மறுபடி எடுத்தபோது கங்காவாக லட்சுமிதான் வந்தாள். அக்கா வரவில்லை. அவள் எங்கே போனாள் என்று தேடினேன். அவள் நாவலுக்கு வெளியே, அந்த வாசலில், கையை நீட்டியபடியே நின்றிருந்தாள்.

அப்போதுதான் எனக்கு விஷயம் புரிந்தது. அந்த முகத்தைக் கங்காவுக்குக் கொடுத்து, அவளுக்காக அழுது, நான் செய்ததற்குக் கணக்குத் தீர்த்துக்கொண்டிருந்தேன். புத்தகத்துக்குள் இருந்தவரை அவள் ஜெயகாந்தனின் பொறுப்பு. லட்சுமியின் முகம் வந்து அவளை வெளியே தள்ளியது. சினிமா என்னிடமிருந்து பறித்தது நாவலை அல்ல, ஒரு சௌகரியத்தை.

எல்லா வாசகர்களும் இப்படித்தான் என்று நான் சொல்லவரவில்லை. எந்தப் படமும் எந்த நாவலுக்கும் துரோகம் செய்ய முடியாது என்றும் சொல்லவில்லை. முடியும். ஆனால் அதைக் காட்சிகளை எண்ணிக் கண்டுபிடிக்க முடியாது. எந்த அத்தியாயம் விடுபட்டது, எந்தப் பாத்திரத்தை வெட்டினான் என்பதெல்லாம் கணக்குப்பிள்ளை வேலை. 'முள்ளும் மலரும்' எடுத்த மகேந்திரன் உமாசந்திரனின் நாவலை முழுதும் படிக்கவில்லை என்று பிற்பாடு அவரே சொன்னார். முடிவு அவருடையது. 1979-ல் வந்த 'உதிரிப்பூக்கள்' புதுமைப்பித்தனின் 'சிற்றன்னை'யிலிருந்து கிளம்பி வெகுதூரம் போய்விட்டது. ஒரு மனிதனைத் தண்டிக்கக் கூடிய ஊர், தண்டித்த பிறகு ஆற்றங்கரையில் என்னவாக நிற்கிறது என்பது படத்தின் கேள்வி. பார்த்தவன் வீட்டுக்குத் தூக்கிக்கொண்டு போகவேண்டிய கேள்வி. இதைத் துரோகம் என்று நான் சொல்லமாட்டேன். ஒவ்வொரு காட்சியையும் அப்படியே வைத்துக்கொண்டு, பாத்திரம் சுமந்த பாரத்தை மட்டும் ஒரு பாட்டாலோ ஒரு வில்லனாலோ இறக்கிவைத்து, பார்க்கிறவனை நிம்மதியாக வீட்டுக்கு அனுப்புகிற படம்தான் துரோகம். நிம்மதியாகப் புத்தகத்தை மூடுகிற வாசகனும் இதே துரோகத்தைத்தான் செய்கிறான். அவனுக்குக் காமிரா வேண்டியதில்லை.

இந்த ஊரில் பிறந்த ஒரு வாசகனைப் பற்றிச் சொல்லி முடிக்கலாம். ராமானுஜரும் கூரத்தாழ்வானும் போதாயன விருத்தியைத் தேடிக் காஷ்மீரம் போனார்கள் என்று குருபரம்பரைக் கதை சொல்கிறது. கிடைத்த சுவடியை வழியிலேயே திரும்பப் பிடுங்கிக்கொண்டு போய்விட்டார்கள். ராமானுஜர் கலங்கினார். இரவு நேரங்களில் படித்து மனசில் வைத்திருக்கிறேன் என்றார் ஆழ்வான். பிற்காலத்தில் சோழன் ஒரு வாசகத்தில் கையெழுத்துக் கேட்டபோது போட மறுத்துக் கண்ணிழந்ததாகவும் அதே மரபு சொல்கிறது. இது சரித்திரமா, பக்தியின் கற்பனையா என்ற ஆராய்ச்சி எனக்கு வேண்டாம். அவருடைய மதம் எனக்கு முக்கியமில்லை. படித்ததைச் சுமப்பது என்றால் என்ன என்பதற்கு இந்த ஊர் வைத்திருக்கும் அளவுகோல் இது, அவ்வளவுதான்.

அந்த அளவில் என்னை நிறுத்திப் பார்க்க எனக்குத் தெம்பு இல்லை. நாவலில் இருந்த எந்தெந்த வரி படத்தில் வரவில்லை என்று இன்றைக்கும் வரிசையாகச் சொல்வேன். அன்று கையில் வைத்துக்கொண்டே 'இல்லக்கா' என்று சொன்ன புத்தகம் எது என்பது ஞாபகம் இல்லை.