இந்தச் சுவர் யாருடையது?



சிறுவயதில் ஒரு சதக் காசைக் கொப்பித் தாளுக்கு அடியில் வைத்து, மேலே பென்சிலால் உரைத்துப் பார்க்காதவர் உங்களில் யார்? கையெழுத்துக்கூடச் சரியாக வராத பிள்ளைக்கு, காசின் எழுத்தும் பூவும் தாளிலே தாமாக எழும்பி வருவதைக் கண்டால் வரும் சந்தோஷம் கொஞ்சமல்ல. மாக்ஸ் ஏர்ன்ஸ்ட் என்னும் ஓவியர் 1925ஆம் ஆண்டில் இதையே பலகைத் தரையின் மேல் செய்து, மரத்தின் வரிகளிலிருந்து காடுகளையும் பறவைகளையும் எடுத்தார். நாங்கள் விளையாட்டென்று விட்டதை அவர் கலையென்று பிடித்துக்கொண்டார்.

சில ஆண்டுகளுக்கு முன் நான் பணியாற்றிய பங்கில் ஓர் இளைஞர் இவ்வேலையைத் தொடங்கினார். வலிகாமம் வடக்கில், 1990இல் சனங்கள் இடம்பெயர்ந்து போய், நெடுங்காலத்துக்குப் பின் விடுவிக்கப்பட்ட ஒரு கரையோரக் கிராமம். அங்கே கூரையில்லாமல் நின்ற வீடுகளின் சுவர்களில் பெரிய தாள்களை ஒட்டி, அடுப்புக்கரியால் உரைத்தார். சுண்ணாம்பு உரிந்த இடம், வேர் ஓடிய இடம், மழை வடிந்த இடம், சன்னம் பட்ட இடம் எல்லாம் கறுப்பு வெள்ளையாக எழும்பி வந்தன. பன்னிரண்டு தாள்களுக்குச் சட்டம் போட்டுப் பங்கு மண்டபத்தில் தொங்கவிட்டார். பெயர் ஒன்றும் இல்லை, இலக்கம் மாத்திரம்.

முதல் நாளே முணுமுணுப்புத் தொடங்கிற்று. “இதை என்ரை பேரனும் கீறுவான்” என்றார் ஒரு பெரியவர். அவரைக் குறை சொல்லமாட்டேன். யாழ்ப்பாணத் தமிழில் அழகுக்கு நாம் சொல்லும் சொல்லே ‘வடிவு’ என்பதுதான். உருவம் இருந்தால்தான் வடிவு என்று நம் நாக்கே நமக்குப் படிப்பித்து வைத்திருக்கிறது. உருவமில்லாத ஒன்றை வடிவென்று சொல்ல நாம் கூசுவது இயற்கை. மறைந்த ஓவியர் மாற்கு அவர்கள் நவீன ஓவியத்தை எங்கள் பிள்ளைகளுக்குப் பொறுமையோடு கற்பித்த மண் இது; ஆனாலும் அந்தக் கூச்சம் இன்னும் முற்றாகத் தெளியவில்லை. திருச்சபைக்கும் ஒரு காலம் அந்தக் கூச்சம் இருந்தது. 1964ஆம் ஆண்டு மே மாதம் 7ஆம் நாள் பாப்பரசர் ஆறாம் சின்னப்பர் சிஸ்ரைன் சிற்றாலயத்தில் கலைஞர்களைக் கூட்டி, உங்கள்மேல் பாரம் சுமத்தினோம், மன்னியுங்கள் என்ற கருத்தில் பேசினார். 1973இல் வத்திக்கான் அரும்பொருட்சாலையில் நவீன சமயக் கலைக்கென்று தனிப்பகுதியையும் திறந்து வைத்தார்.

பேரன் கீறுவானா, மாட்டானா? கீறுவான். ஆனால் கீறியதில் எதை வைப்பது, எதைக் கிழித்தெறிவது என்று தெரிவு செய்வானா என்பதே கேள்வி. பழைய றோமையரான பிளினி ஒரு கதை சொல்கிறார். புறோத்தோஜெனிஸ் என்ற ஓவியர் ஒரு நாயின் வாய் நுரையை வரைய மாய்ந்து மாய்ந்து முயன்றும் சரிவரவில்லை. ஆத்திரத்தில் வர்ணம் தோய்ந்த பஞ்சைப் படத்தின் மேல் எறிந்தாராம். அது பட்ட இடத்தில் நுரை அப்படியே அமைந்துவிட்டது. பஞ்சை எறிந்தது கோபம். ஆனால் அந்தக் கறையைத் துடைக்காமல் விட்டாரே, அங்கேதான் ஓவியர் நிற்கிறார். லியனார்டோ டாவின்சியும் மாணவருக்குச் சொன்னார்: கறை பிடித்த சுவர்களை உற்றுப் பாருங்கள், மலையும் ஆறும் போர்க்களமும் முகங்களும் அங்கே தெரியும் என்று. உடனே ஓர் எச்சரிக்கையும் வைத்தார்: கறை உங்களுக்குக் கற்பனையைத் தரும், ஒன்றையும் முடித்து வைக்கக் கற்றுத்தராது.

இதுவரை எனக்குச் சிக்கல் இல்லை. சிக்கல் வந்தது இரண்டாம் நாள் பின்னேரம்.

ஏழாம் இலக்கத் தாளின் முன் ஓர் அம்மா வெகுநேரம் நின்றார். கூப்பிட்டும் அசையவில்லை. நான் கிட்டப் போனதும் மெல்லச் சொன்னார்: “சுவாமி, உது எங்கட குசினிச் சுவர்.”

அந்தத் தாளில் குறுக்காக மூன்று கீறல்கள், ஒன்றின்மேல் ஒன்றாக. பக்கத்தில் ஒரு சிறு சுருள். இளைஞருக்கு அந்தச் சுருளில்தான் பெருமை. கல்லில் நத்தை ஊர்ந்ததுபோல் இருக்கிறது என்று எல்லோருக்கும் காட்டிக்கொண்டிருந்தார். அது ‘ஜெ’ என்ற எழுத்தின் மிச்சம். மூத்த மகனைச் சுவரோடு நிறுத்தி, ஒவ்வொரு பிறந்தநாளுக்கும் தகப்பன் ஆணியால் கீறி வைத்த உயரம் அது. “தொண்ணூறிலே வெளிக்கிட்டனாங்கள். அதுக்குப் பிறகு ஆரும் அளக்கேல்லை” என்றார். அதற்குமேல் அவர் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

வாசகர்களே, ‘தற்செயல்’ என்று நாம் எதைச் சொல்கிறோம்? குருமடத்தில் மெய்யியல் படித்த நாட்களில் புனித தோமஸ் அக்குவீனாஸ் தரும் ஓர் உதாரணத்தை மனனம் செய்திருந்தேன். எசமான் ஒருவர் தம் வேலைக்காரர் இருவரை, ஒருவருக்கு மற்றவரைப் பற்றிச் சொல்லாமல், ஒரே இடத்துக்கு அனுப்புகிறார். அவர்கள் சந்தித்தபோது இருவருக்கும் அது தற்செயல், அனுப்பியவருக்கு அல்ல. இதைத் தேவ பராமரிப்பை விளக்க அவர் சொன்னார். அன்று எனக்கு அது பரீட்சைக்கு உதவியது. ஏழாம் இலக்கத்தின் முன் நின்றபோது அதை வேறு விதமாக விளங்கிக்கொண்டேன். இளைஞருக்குத் தற்செயலான கீறல், தாய்க்குத் தேதி குறித்த கீறல். தற்செயல் சுவரில் இருக்கவில்லை, எங்கள் அறியாமையில் இருந்தது.

இங்கே ஒன்றைக் கவனமாகச் சொல்லவேண்டும். அந்தச் சுவரின் சன்னத் துளைகளையும் எசமான் அனுப்பினார் என்று நான் சொல்ல வரவில்லை. அப்படிச் சொல்பவர் அக்குவீனாஸையும் படிக்கவில்லை, அந்தத் தாயின் முகத்தையும் பார்க்கவில்லை. மனிதர் சுட்டார்கள், துளை விழுந்தது. அதற்குக் கணக்குக் கொடுக்கவேண்டியவர் மனிதரே.

அப்படியானால் அந்தத் துளைகளை வடிவென்று பார்ப்பது பாவமா? இளைஞர் அன்றிரவே அறைவீட்டுக்கு ஓடி வந்தார். “எல்லாத்தையும் கழட்டப் போறன் சுவாமி” என்றார். கண் கலங்கியிருந்தது. பொறும் என்றேன். பாவம் என்று எனக்குத் தோன்றவில்லை. அந்தத் தாய் வாய் திறக்கும்வரை ஏழாம் இலக்கம் எனக்கும் வடிவாகத்தான் இருந்தது. அந்தப் பார்வை பொய்யல்ல. உரிந்த சுண்ணாம்பையும் உப்புக்காற்று தின்ற கல்லையும் ஒருவர் நேரமெடுத்துப் பார்க்கிறார் என்றால், அவர் சிருஷ்டியைப் பார்க்கிறார். குருநகர்க் கரையில் இழுத்துவிட்ட வள்ளங்களில் வர்ணத்தின் மேல் வர்ணம் உரிந்து கிடப்பதை நானே நின்று பார்ப்பதுண்டு. பழைய வீடுகளின் பனஞ்சிலாகையில் ஓடும் கறுப்பு வரிகளும் அப்படியே. எல்லாவற்றிலும் துக்கத்தைத் தேடிக்கொண்டிருந்தால் கண் பழுதாகிவிடும்.

ஆனால் சட்டம் போடுவது வேறு. பார்ப்பவர் பார்த்துவிட்டுப் போகலாம். எடுத்துத் தொங்கவிட்டு, அடியில் தன் பெயரை எழுதுகிறவர், ‘இது யாருடையது?’ என்ற கேள்வியைத் தாண்டிப் போக முடியாது. எங்கள் நாட்டிலேயே அந்தக் கேள்வியோடு வேலை செய்தவர்கள் உண்டு. காவலரண்களில் புள்ளியும் திட்டுமாகப் பூசி நிறுத்திய தார்ப் பீப்பாக்களைச் சந்திரகுப்த தேனுவர 1997இல் தம் கலைக்குள் கொண்டுவந்தார். கண்ணுக்குத் தப்பவென்று பூசிய கோலத்தை, கண் தப்பாமல் காட்டுவதற்கு எடுத்தார். யாழ். பல்கலைக்கழகத்து ஓவியர் தா. சனாதனன், இடம்பெயர்ந்தவர்களிடம் இழந்த வீட்டின் வரைபடத்தை நினைவிலிருந்து கீறித் தரச்சொல்லி, அவர்கள் கதைகளோடும் தம் ஓவியங்களோடும் 2011இல் நூலாக்கினார். நூலின் பெயரைத் தமிழில் ‘முற்றுப்பெறாத தோம்பு’ எனலாம். காணிப் பதிவேட்டுக்கு நம் முன்னோர் சொன்ன பெயர் தோம்பு. வீட்டுக்காரரிடம் கேட்டு எடுத்தார். எங்கள் இளைஞர் கேட்காமல் எடுத்தார். கேட்பதற்கு அங்கே ஆளில்லை என்பதும் உண்மைதான்.

மூன்றாம் நாள் செய்தி பரவி, சனம் ஏழாம் இலக்கத்தைப் பார்க்க வந்தது. ஒன்று சொல்லத்தான் வேண்டும்: அவர்கள் பார்க்கவில்லை. கதையைக் கேட்டார்கள், ‘ஐயோ பாவம்’ என்றார்கள், போனார்கள். அதற்கு முதல் நாள் அதே தாளின் முன் குனிந்தும் நிமிர்ந்தும் நின்று பார்த்த பள்ளிக்கூடப் பிள்ளைகள், இப்போது கீறல்களை எண்ணிவிட்டு நகர்ந்தார்கள். அறிந்ததால் ஒன்று கிடைத்தது, ஒன்று போய்விட்டது. எது பெரிது என்று தராசு பிடிக்க என்னால் முடியவில்லை.

அந்த அம்மா கடைசி நாளும் வந்தார். கழற்றச் சொல்லவில்லை. “தம்பி, எல்லாம் முடிஞ்ச பிறகு உதை எனக்குத் தாறீரோ?” என்று மட்டும் கேட்டார். இளைஞர் கொடுத்தார். சட்டத்துக்குக் காசு தரப் பார்த்தவரைத் தடுத்துவிட்டார். இப்போது அது அவருடைய புதிய வீட்டில், திருவிருதய ஆண்டவர் படத்துக்குப் பக்கத்தில், நிலத்திலிருந்து சரியாக அளந்து, முதற் கீறல் அன்றிருந்த உயரத்திலேயே தொங்குகிறது. வீடு மந்திரிக்கப் போனபோது கண்டேன்.

மற்றப் பதினொரு தாள்களும் இளைஞரின் விருப்பப்படி அந்தப் பங்கின் அறைவீட்டு அலுமாரியில் இருக்கின்றன. ஒன்றையும் ஒருவரும் இன்னும் உரிமை கோரவில்லை. மூன்றாம் இலக்கத்தில் வேர் ஓடிய கல்லுக்குக் கீழே அரைவட்டமாக ஒரு குழி. ஒன்பதாம் இலக்கத்தில் ஒரே நிரையில் ஐந்து ஆணித் துளைகள். தொண்ணூறுக்கு முன் அந்தக் கரையில் வீடு வைத்திருந்தவர்கள் இதைப் படித்தால் எமக்கு ஒரு வரி எழுதுங்கள். தாள்களை எடுத்துக் காட்ட ஒழுங்கு செய்வோம்.