பணிவிடையும் ஊழியமும்





எங்கள் தாங்கலில் சுவர்க்கடிகாரம் ஒன்பது இருக்கிறது. ஓடுவது இரண்டு. ஒவ்வொன்றிலும் கொடுத்தவர் பெயர் இருப்பதால் கழற்றி வைக்கவும் தயக்கம். டியூப்லைட்டில் பெயர் எழுதினால் வெளிச்சம் குறையும் என்று சொன்னால் வருத்தப்படுகிறவர்களும் உண்டு. அவர்களை நான் குறை சொல்லவில்லை. தாங்கலுக்கு என்ன தேவை என்று நாங்கள் யாரிடமும் சொன்னதில்லை. சொல்லாத இடத்துக்குக் கடிகாரம்தான் வரும்.

அய்யா காணிக்கை வேண்டாம் என்றார், தர்மம் செய்யச் சொன்னார். அதனால் நம் தாங்கல்கள் பணத்தைவிடப் பொருளாலும் உடலுழைப்பாலும்தான் நடந்து வருகின்றன. அரிசி, தேங்காய், மட்டிப்பழம், வாழையிலை, விறகு என்று ஒவ்வொருவரும் தங்களிடம் இருப்பதைக் கொண்டு வருகிறார்கள். சமைக்கவும் பரிமாறவும் பாத்திரம் கழுவவும் ஆட்கள் வருகிறார்கள். துவையல் தவசு இருந்த 700 குடும்பத்தாரும் தங்கள் கையால் துவைத்து, தங்கள் கையால் பொங்கித்தான் உண்டார்கள். கூலிக்கு ஆள் வைத்து நடந்த தவசு அல்ல அது.

இரண்டு வருஷத்துக்கு முன் தை மாதம் தாங்கல் வாசலில் ஒரு கரும்பலகை வைத்தோம். மாசி 20 அவதாரத் திருநாள் அன்னதர்மத்துக்கு வேண்டியதை அதில் எழுதினோம். அரிசி இத்தனை கிலோ, பருப்பு இத்தனை, இலை இத்தனை, முந்தின நாள் மாலை காய் வெட்டப் பத்துப் பேர், அடுப்படியில் நிற்க நாலு பேர். ஒருவர் ஏற்றுக்கொண்டால் அந்த வரியை அழித்துவிடுவோம். பழைய வருஷங்களில் பூசணிக்காய் மலையாகக் குவிந்து கிடக்கும், எண்ணெய்க்குக் கடைக்கு ஓடுவோம். அந்த ஓட்டம் நின்றது. ரசீதுப் புத்தகத்தில் 50 ரூபாய் எழுதக் கூச்சப்பட்டு ஒதுங்கி நின்ற ஒரு அம்மா, இப்போது தினமும் உலை வைக்கும்போது ஒரு பிடி அரிசி எடுத்து வைத்து, முதல் ஞாயிறுதோறும் கொண்டு வருகிறார்.

வடசேரி சந்தையில் கடை வைத்திருக்கும் ஒரு தம்பி மிஞ்சிய காயைத் தருகிறார். அதில் அழுகியதை அவர் முன்னாலேயே பிரித்துத் திருப்பிக் கொடுத்துவிடுகிறோம். முதலில் சங்கடமாகத்தான் இருந்தது. பசியோடு வருகிறவன் கேள்வி கேட்க மாட்டான் என்பதற்காக அவன் இலையில் எதையும் வைத்துவிடலாமா?

ஒருவர் பத்து மூட்டை அரிசி தருவதாகச் சொல்லி, வருமான வரியில் கழித்துக்கொள்ள அதைப் பணமாக ரசீதில் எழுதித் தரக் கேட்டார். 80ஜி கழிவு பணமாகக் கொடுப்பதற்குத்தான், பொருளுக்குக் கிடையாது. செக்காகத் தாருங்கள், அரிசியை நாங்கள் வாங்கிக்கொள்கிறோம் என்றோம். கோபித்துக்கொண்டு போய்விட்டார். போகட்டும். பொய் ரசீதில் பொங்கிய சோற்றை அய்யா முன் எப்படி வைப்பது?

இதுவரை சொன்னதெல்லாம் எளிதான விஷயம். இனிச் சொல்வது என் தவறு.

ஒரு ஐப்பசி மழையில் தாங்கலின் சுற்றுச்சுவர் விழுந்தது. எங்கள் ஊர்க் கொத்தனார் ஒருவர் நாலு நாள் கூலி வாங்காமல் கட்டித் தந்தார். நான் கேட்கவே இல்லை, அவராக வந்தார். அந்த நாலு நாளும் பணிவிடைதான். அதற்குப் பிறகு நான் கேட்கத் தொடங்கினேன். தண்ணீர்த் தொட்டி ஒழுகியபோது கூப்பிட்டேன். அடுப்படித் தரை பெயர்ந்தபோது கூப்பிட்டேன். குளியலறைக்கு டைல்ஸ் ஒட்டவும் அவரையே கூப்பிட்டேன். “தம்பி, அய்யா வேலை, ஒரு எட்டு வந்துட்டுப் போ” என்பேன். ஒரு தடவைகூட அவர் மாட்டேன் என்றதில்லை. தாங்கலுக்குச் செலவு மிச்சம் பிடித்தேன் என்று கமிட்டியில் பெருமையாகச் சொல்லிக்கொண்டேன்.

ஒரு நாள் உகப்படிப்பு முடிந்து நாமம் வாங்க வந்த அவர் மனைவி சற்று நின்றார். “அண்ணா, அய்யா வேலைன்னு சொன்னா அவங்களால மாட்டேன்னு சொல்ல முடியல. இந்த மாசம் குழுக் கடன் கட்ட ரூவா இல்ல” என்றார். குறையாகச் சொல்லவில்லை, மெதுவாகத்தான் சொன்னார். வீட்டுக்குப் போய்க் கணக்குப் பார்த்தேன். ஏழு மாதத்தில் 23 நாள்.

திருவிதாங்கூர் அரசில் நம் முன்னோர் பட்ட பாட்டைத் திருஏடு வாசிப்பில் வருஷந்தோறும் கேட்கிறோம். பனையோலை கொடுத்தும் சுமை சுமந்தும் கூலியில்லாமல் செய்த வேலைக்கு ஊழியம் என்று பெயர். அந்த ஊழியத்துக்கு எதிராக நின்றவர் அய்யா. ஊழியத்துக்கும் பணிவிடைக்கும் வேலையில் வித்தியாசம் இல்லை. இரண்டிலும் கூலி கிடையாது, சுமையும் ஒன்றுதான். மாட்டேன் என்று சொல்ல முடிகிறதா இல்லையா என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. அன்று மாட்டேன் என்றால் அடி விழுந்தது. நான் யாரையும் அடிக்கவில்லை. அய்யா பெயரைச் சொன்னேன். அய்யாவை நம்புகிறவருக்கு அதைவிடப் பெரிய கட்டளை உண்டா?

இதைக் கமிட்டியில் சொல்லி, ஒரு தனி நோட்டுப் போடக் கேட்டேன். வருகிற பொருளைக் கடை விலையோடும், வருகிற வேலையை ஊர்க்கூலியோடும் அதில் எழுத வேண்டும் என்றேன். ஒரு பெரியவர் எதிர்த்தார். “தர்மத்துக்கு விலை போடலாமாடே? அரிசி கொண்டு வருகிறவளுக்குக் கிலோ கணக்கா காட்டப் போறே?” என்றார். அவர் சொன்னதிலும் நியாயம் இருக்கிறது. விலை எழுதினால் யார் அதிகம், யார் குறைவு என்ற பேச்சு வரும். அதற்கு ஆசைப்பட்டுக் கொடுப்பவரும் வருவார்கள். ஆனால் எழுதாமல் விட்டதால்தான் 23 நாள் என் கண்ணில் படவில்லை. ஒலிபெருக்கியில் பத்து மூட்டைக்காரர் பெயரைச் சொன்ன நாங்கள், அடுப்பில் வேக வேண்டியதை எடுத்துக் கொடுத்தவரைக் கவனிக்கவில்லை. கடைசியில், நோட்டு எழுதலாம், ஆனால் ஆண்டுக் கூட்டத்தில் பெயர்களை வாசிக்கக் கூடாது, மொத்தத்தை மட்டும் சொல்ல வேண்டும் என்று முடிந்தது. அப்படிப் பார்த்ததில், திருநாளுக்குக் கையிலிருந்து செலவழித்ததைப்போல மூன்று மடங்குக்கு மேல் பொருளாகவும் வேலையாகவும் வந்திருந்தது தெரிந்தது. அது எங்களுக்கே புதுச் செய்தி.

இன்னொன்றும் செய்தோம். கூலி வேலை செய்கிறவரைத் தாங்கல் வேலைக்குக் கூப்பிட்டால் கூலி பேசித்தான் கூப்பிடுவோம். மாலையில் பணத்தைக் கையில் கொடுத்துவிடுவோம். பிறகு அவர் விருப்பம்.

கொத்தனார் தம்பி சில மாதம் தாங்கல் பக்கம் வந்தாலும் என்னிடம் அதிகம் பேசவில்லை. போன ஆடியில் கொட்டகைத் தூணுக்கு அவரைக் கூப்பிட்டேன். மூன்று நாள் வேலை. மூன்று நாள் கூலியையும் வாங்கி எண்ணிச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். இந்த மாசி 20-க்கு முந்தின நாள், யாரும் கூப்பிடாமல் அவரே வந்து அடுப்புக்குக் கல் கட்டினார். மதியத்துக்கு மேல் வேறு இடத்தில் வேலை இருக்கிறது என்று சொல்லிவிட்டுக் கிளம்பினார். சரி தம்பி என்றேன். நோட்டில் அரை நாள் என்று எழுதினேன்.