விசாரிக்க வந்தவருக்கு என்ன சொல்வது?

கல்யாணப் பேச்சு தொடங்கியதும் பெண் வீட்டார் தேடிப் போவது மாப்பிள்ளையின் நண்பனைத்தான். "தம்பி, உங்க கூடப்பிறந்தவளா நெனச்சுச் சொல்லுங்க, பையன் எப்படி?" என்று ஒரு தகப்பன் கேட்கும்போது தட்டிக்கழிக்க மனம் வராது. என்னிடமும் கேட்டிருக்கிறார்கள். நள்ளிரவில் மொட்டைமாடியில் நண்பன் மனம்விட்டுச் சொன்னதெல்லாம் அந்த நிமிஷம் தொண்டைவரை வந்து நிற்கும்.

பழைய காதலைச் சொல்லக் கூடாது என்பதில் எனக்குத் துளியும் சந்தேகமில்லை. முடிந்துபோன ஒன்றால் வரப்போகிறவளுக்கு இழப்பு எதுவும் இல்லை. பெண்ணின் தோழியிடம் இதே கேள்வி வரும்போது இன்னும் கறாராக இருக்க வேண்டும்; வேறு சாதிப் பையனை விரும்பினாள் என்ற ஒரு சொல் கசிந்தால் உயிரே போகும் ஊர்கள் நம்மிடம் இருக்கின்றன. அப்பாவின் குடி, எப்போதோ மனநல மருத்துவரிடம் போனது, வேலை பறிபோனது எல்லாம் நண்பனின் சொந்தக் கதை. என் வீட்டுக்குள்கூட அதைப் பேச எனக்கு உரிமையில்லை. "உன்கிட்ட மட்டும்தான் சொல்றேன்" என்று ஊர் சுற்றுவது பெரும்பாலும் இந்த வகைதான். அதில் யாரையும் காப்பாற்றும் எண்ணம் கிடையாது.

குடித்துவிட்டுக் கை நீட்டுகிறவன் என்று தெரிந்தால்? முன்பே ஒருத்தியை அடித்துத் துரத்தியவன் என்றால்? நான் வாயை மூடிக்கொண்டிருப்பதற்கான விலையை இன்னொருத்தி தன் உடம்பால் கொடுப்பாள். அவளைப் பணயம் வைத்து வாக்குக் கொடுக்க எனக்கு யார் அதிகாரம் தந்தது?

இதே போன்ற கேள்வி ஒருமுறை உச்ச நீதிமன்றம்வரை போனது. நாகாலாந்து மருத்துவர் ஒருவர், நோயாளி ஒருவருக்குத் துணையாகச் சென்னை வந்த இடத்தில் ரத்தம் கொடுத்தார். பரிசோதனையில் எச்.ஐ.வி. தெரியவந்தது. விஷயம் வெளியே போய், 1995 டிசம்பரில் நடக்கவிருந்த அவர் திருமணம் நின்றது. ரகசியம் காக்கவில்லை என்று மருத்துவமனை மீது வழக்குப் போட்டார். மணப்பெண்ணின் உயிர் எதிரே நிற்கும்போது அந்தரங்க உரிமைக்கு எல்லை உண்டு என்று 1998இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. அத்தோடு நில்லாமல் அவருடைய திருமண உரிமையைப் பற்றியும் பேசியது. அந்தக் கருத்துகள் தேவையற்றவை என்று 2002இல் அதே நீதிமன்றம் ஒதுக்கியது. எல்லை உண்டு என்பதை நான் ஏற்கிறேன். ஆனால் அந்த மனிதர் ஊராரால் ஒதுக்கப்பட்டு, கோஹிமாவை விட்டுச் சென்னைக்கே குடிவந்துவிட்டார். தெரிய வேண்டியது ஒருத்திக்கு. தெரிந்ததோ ஊருக்கே.

2017ஆம் ஆண்டு வந்த எச்.ஐ.வி. சட்டம் இந்தக் கொடுமையை யோசித்து எழுதப்பட்டது போலிருக்கிறது. நம்பிச் சொன்னதை நண்பன் வெளியிட அது இடம் தரவில்லை. மருத்துவரோ ஆலோசகரோதான் சொல்லலாம், அதுவும் ஆபத்திலிருக்கும் இணையரிடம் மட்டும். நீங்களே சொல்லிவிடுங்கள் என்று முதலில் தொற்றுள்ளவருக்கு எடுத்துச்சொல்ல வேண்டும். மறுத்தால், நான் சொல்லப் போகிறேன் என்று அவருக்கு அறிவிக்க வேண்டும். பிறகு இணையரிடம் நேரில் சொல்ல வேண்டும். சொன்னால் தொற்றுள்ளவருக்கு அடிவிழும், அவர் கைவிடப்படுவார் என்ற அச்சமிருந்தால், குறிப்பாகப் பெண்கள் விஷயத்தில், சொல்லக் கூடாது.

மற்ற ரகசியங்களில் நட்புக்கும் இதைவிட நல்ல வரிசை எனக்குத் தெரியவில்லை. மொட்டைக் கடிதாசி போடுவது இதற்கு நேர் எதிர். அதைப் போடுகிறவன் நண்பனின் முகத்தைப் பார்க்கத் துணியாதவன். கை நீட்டும் நண்பனிடம் நான் முதலில் போய் உட்கார வேண்டும். "டேய், நிச்சயத்துக்கு முன்னாடி நீயே சொல்லிடு. இல்லேன்னா நான் சொல்வேன்." அவன் கத்துவான். அதன்பின் என்னோடு பேசாமலே போகலாம், அவன் அம்மாவும் முகத்தைத் திருப்பிக்கொள்ளலாம். அந்த இழப்பு எனக்கு வலிக்கும்; இருந்தாலும் அது நான் தாங்கக்கூடியது.

அவன் சொல்லாவிட்டால் நான் பேச வேண்டியது விசாரிக்க வந்த தகப்பனிடமோ தரகரிடமோ அல்ல, அந்தப் பெண்ணிடம். நான் கண்டதை மட்டும், என் பெயரோடு. கேட்டுவிட்டு அவள் என்ன முடிவெடுத்தாலும் சரி, வேறு யாரிடமும் அதை நான் பேசப் போவதில்லை.