வாய் பேசா உயிர்களிடம் வாங்கிய கடன்

நோய் நீங்கியவன் மருத்துவருக்கு நன்றி கூறுகிறான். மருந்துக்கு விலை கொடுக்கிறான். அந்த நலம் தன்னை வந்தடைந்த வழியில் எவ்வெவ்வுயிர்கள் எவற்றை இழந்தன என்று அவன் கேட்பதில்லை. கேட்க வேண்டிய கேள்வியன்றோ அது? சைனஸ் அறுவையை எடுத்துக்காட்டாகக் கொண்டு அதனைச் சிறிது ஆராய்வோம்.

மூக்கைச் சூழ்ந்த எலும்புகளினுள்ளே காற்றறைகள் உள்ளன. அவற்றின் உட்புறத்தை மெல்லிய சளிச்சவ்வு போர்த்தியிருக்கிறது. சவ்வின் மேலுள்ள நுண்மயிர்கள் ஓயாது அசைந்து, சளியை இயற்கையான வாயிலை நோக்கித் தள்ளுகின்றன. அமெரிக்கரான ஜார்ஜ் கால்டுவெல் 1893இலும், பிரெஞ்சு மருத்துவர் ஹென்றி லூக் 1897இலும் வகுத்த முறையில், மேலுதட்டின் உட்புறம் கீறி, எலும்பைத் துளைத்து, கன்ன அறையின் சவ்வைச் சுரண்டி எடுத்தனர். நோயைக் களையச் சவ்வையே களைய வேண்டும் என்பது அன்றைய துணிபு.

அத்துணிபு நாளடைவில் தளர்ந்தது. அமெரிக்க மருத்துவர் ஆண்டர்சன் ஹில்டிங், நாய்களின் நெற்றி அறைகளிலிருந்து சவ்வைக் கீற்றுகளாக எடுத்து ஆராய்ந்து 1933இலும், முயல்களின் சைனஸ் அறைகளில் செயற்கை வாயில்கள் திறந்து ஆராய்ந்து 1941இலும் தம் முடிவுகளை வெளியிட்டார். பின்னர் ஆஸ்திரியாவின் கிராஸ் நகரில் வால்டர் மெஸ்ஸர்கிளிங்கர், வேறு வாயில் திறந்திருப்பினும் சளி இயற்கை வாயிலையே நாடிச் செல்வதைக் கண்டார். என்டோஸ்கோப் வழியே பார்த்து, அடைபட்ட வாயிலை மட்டும் திறந்து, சவ்வை இயன்றவரை காக்கும் இன்றைய அறுவை முறை இவ்வாறு உருவாயிற்று.

ஆயினும் அறுத்த இடம் ஆற வேண்டுமே! ஆஸ்திரேலியாவின் அடிலெய்டு நகர ஆய்வாளர்கள் இதற்குச் செம்மறி ஆட்டைத் தேர்ந்தனர். மனிதருக்கான கருவி நுழையும் அளவுக்கு அதன் மூக்கு பெரியது. ஒருவகை ஈயின் புழுக்கள் புகுவதால் மூக்கு அழற்சியும் அதற்கு இயல்பாகவே வருவதுண்டு. காயத்தின் ஒரு பக்கத்தில் அடைப்புப் பொருளை வைத்து, மறுபக்கத்தை வெறுமனே விட்டு, சவ்வும் நுண்மயிர்களும் மீண்டும் வளர்வதை வாரக்கணக்கில் ஒப்புநோக்கினர்.

இங்கேதான் ஒரு முரண் எழுகிறது. ஆட்டின் சவ்வு நம் சவ்வைப் போன்றது என்பதாலேயே ஆட்டைத் தேர்கிறோம். சவ்வு ஒத்திருக்குமாயின், அறுபடும் நோவு மட்டும் ஒவ்வாதிருக்குமோ? ஒப்புமையை ஆய்வுக்குச் சான்றாக ஏற்கும் நாம், இரக்கத்துக்குச் சான்றாக ஏற்க மறுப்பது நேர்மையாகாது.

10ஆம் நூற்றாண்டில் பஸ்ராவில் வாழ்ந்த இக்வானுஸ் ஸபா என்னும் அறிஞர் குழுவினரின் நூலொன்றில், விலங்குகள் ஜின்களின் அரசனிடம் மனிதன் மீது வழக்குரைக்கின்றன. மனிதன் எசமானன், தாம் அடிமைகள் என்ற கூற்றை அவை மறுக்கின்றன. அம்மன்றத்தில் இந்த ஆடும் முறையிட்டால் நாம் என்ன விடை பகர்வோம்?

"உயிர் காக்கவே செய்தோம்" என்று முற்றிலும் சொல்ல இயலாது. சைனஸ் நோய் கண்ணுக்கும் மூளைக்கும் பரவி ஆபத்தாவதுண்டு, அது அரிது. பெரும்பாலோர் நாடுவது உயிரையன்று. தடையற்ற மூச்சையும், நிம்மதியான உறக்கத்தையும், இழந்த மணவுணர்வையும். இவை அற்பமானவை அல்ல. ஆனால் பிற உயிரை நோகச் செய்து பெறுமளவுக்கு உயர்ந்தவையா என்று ஒவ்வொரு முறையும் எடைபோட வேண்டியவை.

தேவை நமக்கு அனுமதி தரலாம். உரிமையாளன் என்ற பட்டத்தைத் தராது என்பதே நம் கருத்து. அனுமதிக்கு நிபந்தனைகள் உண்டு. இங்கிலாந்தின் ரஸ்ஸலும் பர்ச்சும் 1959இல் வெளியிட்ட நூலில் மூன்றைக் கூறினர்: விலங்கின்றி இயலுமாயின் அவ்வழியையே கொள்க, எண்ணிக்கையைக் குறைக்க, வேதனையைக் குறைக்க. இறந்தோர் உடலில் சளியின் ஓட்டத்தைக் கண்டறிந்தவர் மெஸ்ஸர்கிளிங்கர். மனித மூக்கின் செல்களையே ஆய்வுக்கூடத்தில் வளர்த்து ஆராயவும் இன்று முடிகிறது. ஆகவே முதல் நிபந்தனை வெறுங்கனவன்று. தெரிந்ததையே மீண்டும் அறுத்துப் பார்ப்பதும், பெற்ற முடிவை வெளியிடாது முடக்குவதும் வாங்கிய கடனை மறுப்பதாகும்.

தேவைக்கு மேல் ஓர் இழையையும் எடுக்கலாகாது என்பதே சளிச்சவ்வு அறுவை மருத்துவருக்குக் கற்பித்த பாடம். விலங்குகளின் உடலில் நாம் பயின்ற அப்பாடத்தை, விலங்குகள் விஷயத்திலும் கடைப்பிடிப்பதே கடன் தீர்க்கும் வழி.