புகை போகும் திசை

கப்பலைப் பற்றி எழுதப் பாலவனத்தத்துக்காரனுக்கு என்ன யோக்கியதை என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்விதான். கண்மாய் நிரம்பினாலே திருவிழா கொண்டாடுகிற ஊர் எங்களுடையது. கடலைக் கண்ணால் பார்க்காமலே போய்ச் சேர்ந்த கிழவர்கள் எங்கள் தெருவில் உண்டு. ஆனாலும் கப்பலோடு எங்களுக்கு ஒரு பழைய பந்தம் இருக்கிறது. 1906-இல் வ. உ. சிதம்பரனார் தூத்துக்குடியில் சுதேசிக் கப்பல் கம்பெனியைத் தொடங்கியபோது அதற்குத் தலைவராக இருந்தவர் பாலவனத்தம் ஜமீன்தார் பாண்டித்துரைத் தேவர். 1901-இல் மதுரையில் தமிழ்ச் சங்கம் கண்ட அதே தேவர்தான். வறண்ட சீமையில் உட்கார்ந்துகொண்டு கடலை நினைத்தவர். கம்பெனி பிழைக்கவில்லை. தூத்துக்குடித் துறைமுகம் மட்டும் இன்று சிதம்பரனாரின் பெயரைத் தாங்கி நிற்கிறது.

அந்தத் துறைமுகத்தைப் பசுமையாக்குகிறார்கள் என்று படிக்கிறேன். சூரிய மின் தகடுகள் பதித்திருக்கிறார்கள், காற்றாலை நட்டிருக்கிறார்கள். 2025 செப்டம்பரில் தண்ணீரைப் பிளந்து ஹைட்ரஜன் எடுக்கும் சிறிய நிலையம் ஒன்றைத் திறந்து, துறைமுகக் குடியிருப்பின் தெருவிளக்குகளை அதைக்கொண்டு எரிக்க ஏற்பாடு செய்தார்கள். நல்ல காரியம். கேலி செய்ய எனக்கு மனமில்லை. ஆனால் 'பசுமை' என்ற சொல்லைக் கேட்கும்போதெல்லாம் என் தகப்பனாரின் கரிமூட்டம் நினைவுக்கு வந்து தொலைக்கிறது.

எங்கள் பக்கத்தில் மழை ஏமாற்றினால் சீமைக்கருவேலம்தான் சோறு போடும். அப்பா மரம் வெட்டி மூட்டம் போட்டுக் கரி எடுத்து விற்றார். ஆடி மாதம் மேல்காற்று வீசும்போது ஊருக்குக் கிழக்கே மூட்டம் போடுவார். புகை எங்களை விட்டு விலகிப் போகும். வாடை திரும்பியதும் மூட்டத்தை மேற்கே மாற்றிவிடுவார். எங்கள் ஊரில் யாருக்கும் கண் கரித்ததில்லை. கெட்டிக்கார மனுஷர் என்று பெயர்.

ஒரு மார்கழிக் காலையில் மேற்கே இருந்த குடியிருப்பிலிருந்து ஒரு கிழவி கம்பை ஊன்றிக்கொண்டு வந்தாள். "ஏய்யா, உங்க ஊர்க் கண்ணு கரிக்காம இருக்க எங்க கண்ணு கரியணுமா?" என்றாள்.

"காத்துக்கு நான் என்ன செய்ய ஆத்தா?" என்றார் அப்பா.

"காத்தை நான் கேக்கலையே. மூட்டத்தை இங்கன கொண்டாந்து வச்சது காத்தா?"

அப்பா பதில் சொல்லவில்லை. மூட்டமும் நிற்கவில்லை. அந்தக் கரிப் பணத்தில்தான் நான் இரண்டு வருஷம் கல்லூரியில் படித்தேன்.

ஓர் அழுக்கை ஒழிப்பது வேறு, ஒதுக்குவது வேறு. இரண்டுமே நம் வாசலைச் சுத்தமாகத்தான் காட்டும். கரையில் கட்டி நிற்கிற கப்பல் விளக்குக்கும் யந்திரத்துக்கும் தன் எண்ணெயை எரித்துக்கொண்டே இருக்கிறது. அதை அணைத்துவிட்டுக் கரையிலிருந்து மின்சாரம் கொடுக்கலாம். உலகத்தின் பல துறைமுகங்கள் கொடுக்கின்றன. துறையில் புகை நின்றுவிடும். ஆனால் அந்த மின்சாரம் எங்கிருந்து வருகிறது? தூத்துக்குடித் துறைமுகத்துக்குப் பக்கத்திலேயே 1,050 மெகாவாட் அனல் மின் நிலையத்தைக் கட்டினார்கள். அதற்கு வேண்டிய நிலக்கரி வந்து இறங்கியதும் அதே துறைமுகத்தில்தான். கப்பலின் புகைபோக்கியை மூடி நிலையத்தின் புகைபோக்கியைத் திறந்தால், அது மேற்கே மாற்றிய மூட்டம்தான்.

கணக்கிலும் இந்தச் சூட்சுமம் உண்டு. 2023-இல் மத்திய அரசு வெளியிட்ட 'ஹரித் சாகர்' வழிகாட்டுதல் ஒரு டன் சரக்குக்கு வெளியாகும் கரியை 2030-க்குள் 30 சதவிகிதம் குறைக்கச் சொல்கிறது. சரி. அதே காலத்தில் சரக்கு இரண்டு மடங்கானால்? டன்னுக்குக் குறையும், மொத்தத்தில் 40 சதவிகிதம் கூடும். மூட்டைக்கு இவ்வளவு புகை என்று அப்பா கணக்குச் சொல்லியிருந்தால் கிழவியின் கண் கரிப்பு நின்றிருக்குமா?

அப்படியானால் சூரியனிடம் போகலாம் என்பீர்கள். போகத்தான் வேண்டும். ஆனால் அதற்கு நிலம் வேண்டும். அந்த நிலத்தைத் தேடி எங்கள் சீமைக்குத்தான் வருவார்கள். திருச்சுழிக்குத் தெற்கே கமுதியில் 2016-இல் 648 மெகாவாட் சூரிய மின் நிலையம் எழுந்தது. சுமார் 2,500 ஏக்கர். தரிசு என்று காகிதத்தில் எழுதுகிற நிலம் ஆடு மேய்ப்பவனுக்குத் தரிசு அல்ல. கடற்கரை சுத்தமாவதற்கு ஒரு கிடை மேய்ச்சலை இழக்குமானால், காற்று இப்போது எங்கள் பக்கம் திரும்பிவிட்டது என்றுதான் அர்த்தம்.

முழுக்க மாசில்லாத வழி கிடைக்கும் வரை கையைக் கட்டிக்கொண்டு இரு என்று நான் சொல்லவில்லை. அது சோம்பேறியின் தர்மம். எண்ணெய்ப் புகையைவிடச் சூரிய வெளிச்சம் ஆயிரம் மடங்கு மேல். மன்னார் வளைகுடாவில் 21 தீவுகளைச் சுற்றிப் பவளமும் கடற்புல்லும் இருந்தன. சுண்ணாம்புக்காகப் பவளத்தை வெட்டி வெட்டி, இரண்டு தீவுகளைக் கடல் கொண்டுபோய்விட்டது. இனியும் தாமதிக்க நமக்கு உரிமை இல்லை.

நான் கேட்பதெல்லாம் ஒன்றுதான். ஒரு துறைமுகம் பசுமையா இல்லையா என்று யார் சொல்வது? துறைமுகத்தின் மாடியில் நின்று பார்க்கிறவர் அல்ல. புகை போகும் திசையில் நிற்கிறவர் சொல்லட்டும். திரேஸ்புரத்தில் வலையை உதறுகிறவன் சொல்லட்டும். நிலக்கரித் தூள் படிந்த துணியை மறுபடி அலசுகிற பெண் சொல்லட்டும். திருச்சுழிப் பொட்டலில் ஆட்டுக்கு வழி தேடுகிற பையன் சொல்லட்டும். அவர்களைக் கேட்காமல் கொடுக்கிற நற்சான்று எனக்கு நானே போட்டுக்கொள்ளும் மாலை.

பாண்டித்துரைத் தேவரின் ஊருக்குக் கடல் இல்லை. அந்தக் கம்பெனியால் ஊருக்கு ஒரு படகுகூட வந்திருக்காது. இருந்தும் அடுத்தவர் கரையைத் தம் கரையாக நினைத்தார். அப்பாவுக்கும் எனக்கும் அது கைவரவில்லை.

கிழவி இறந்து வெகு வருஷமாயிற்று. அவள் கேட்ட கேள்விக்கு எங்கள் வீட்டிலிருந்து இன்னும் பதில் போகவில்லை.